மண் நிரப்பிய கம்பிவலைப் பெட்டி: ஆற்றங்கரை வீட்டுக்குச் சரிப்படுமா?

கேள்வி: முஞ்சிறைக்குப் பக்கத்தில், குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் எங்கள் வீடு. வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் வாழைத்தோட்டம். 2021 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ராணுவ முகாம்களில் கம்பிவலைப் பெட்டிகளை விரித்து, மண்ணைக் கொட்டிச் சுவர் எழுப்புவதை வீடியோவில் பார்த்தேன். அதுபோல 60 மீட்டருக்குக் கட்டினால் வெள்ளம் நிற்குமா? கடலோரத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்கும் இது ஆகுமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நேர்கோட்டில் அல்ல. மச்சான் வீட்டுக்கு ஆகாது.

இந்தப் பெட்டியை முதலில் செய்தது ராணுவம் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த ஜிமி ஹெசல்டன், 1980களின் கடைசியில் கரை அரிப்பையும் வெள்ளத்தையும் தடுக்கத்தான் இதை உருவாக்கினார். குண்டையும் சிதறலையும் மண் நன்றாகத் தாங்கும் என்பதால் ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. அமைப்பு எளிது. வெல்டு செய்த கம்பிவலை, உள்ளே ஜியோடெக்ஸ்டைல் என்ற தடித்த செயற்கை இழைத் துணி, மூலைகளில் சுருள்கம்பி இணைப்பு. மடித்து வரும், இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி போல விரியும்.

தண்ணீரைத் தடுப்பது கம்பி இல்லை, உள்ளே இருக்கும் மண்ணின் பாரம். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ பாரத்தோடு தள்ளும். அதே தண்ணீர் ஒன்றரை மீட்டரானால் 1,100 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டியில், மீட்டருக்கு 1,600 கிலோ அளவில் மண் இருக்கும். தாராளம் போலத் தோன்றும். ஆனால் அடியில் தண்ணீர் புகுந்து மேலே தூக்கும், ஈரத் தரையில் பிடிப்பும் குறையும், மிச்சம் அதிகமில்லை. அதனால் அகலம் உயரத்தைவிடக் குறையவே கூடாது. தண்ணீர் சுவரின் முக்கால் உயரத்துக்கு மேல் போகும் இடத்தில் இதை நம்ப வேண்டாம். உங்களுக்கு இடுப்பளவு வந்தது என்றால், ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத உயரமும் அதே அகலமும் வேண்டும்.

இனி மண் கணக்கு. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கே 60 மீட்டர் நீளத்துக்கு 21 யூனிட் மண் (யூனிட் என்பது நூறு கன அடி) பிடிக்கும், நூறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றேகால் மீட்டருக்குப் போனால் 33 யூனிட். வாழைக்கும் சேர்த்து அணை கட்டும் ஆசையை விடுங்கள். வாழைக்கு வரும் நஷ்டத்தைவிட மண்ணும் ஜேசிபி வாடகையும் கூடிவிடும். வீட்டை மட்டும் சுற்றிக் கட்டினால் போதும்.

எந்த மண்? சரளை கலந்த செம்மண் நல்லது, கிரஷர் பொடியும் ஆகும். களிமண் வேண்டாம், ஈரம் குடித்து உப்பிப் பெட்டியைப் பிதுக்கும். குளத்து வண்டல் வயலுக்குத்தான் லாயக்கு. கடற்கரை மணலைத் தொடவே கூடாது. அதை அள்ளுவது சட்டப்படி குற்றம், உப்பு கம்பியைத் தின்னும். போதாததற்கு மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் கதிர்வீச்சு உள்ள மோனசைட் என்ற கனிமமும் உண்டு. மண்ணை ஒரே பெட்டியில் முழுசாகக் கொட்டாமல், எல்லாப் பெட்டிகளிலும் ஓரடி ஓரடியாக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கையும் திம்சு போட்டு இடித்துக்கொண்டே போங்கள். ஒன்று நிரம்பி அடுத்தது காலியாக இருந்தால் வரிசை கோணிப்போகும், அப்புறம் நிமிர்த்த முடியாது.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேலிக்குப் போடும் பின்னல் வலை உதவாது. 4 மில்லிமீட்டருக்குக் குறையாத கால்வனைஸ் கம்பி, மூன்று அங்குலக் கட்டம் வேண்டும். மீட்டருக்கு ஒரு குறுக்குத் தட்டி கட்டாயம். அதை மிச்சம் பிடித்தால் முன்னும் பின்னும் வயிறு தள்ளிவிடும்.

பெரும்பாலும் வேலை கெடுவது அடியிலும் ஓரங்களிலும்தான். புல்லையும் மேல்மண்ணையும் சுரண்டி, அரையடி ஆழத்துக்குச் சால் எடுத்து அதில் பெட்டியை உட்கார வையுங்கள். ஜியோடெக்ஸ்டைல் துணி மண்ணைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும். ஆகவே ஆற்றுப் பக்கம் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை மேலிருந்து கீழே இறக்கி, தரையில் நாலைந்து அடி படரவிட்டு, மணல் மூட்டையை வரிசையாக வைத்து அழுத்துங்கள். நேர்கோட்டில் கட்டினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி உள்ளே வந்துவிடும். இரண்டு முனைகளும் மேட்டில் போய் முட்ட வேண்டும். மேடு இல்லையென்றால் வளையமாகவே சுற்றி வாருங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டி அடுக்காதீர்கள், அஸ்திவாரத்துக்கு அந்தப் பாரம் ஆகாது.

வளையம் கட்டினால் உள்ளே பெய்கிற மழை எங்கே போகும்? வெளியே மட்டும் திறக்கும் வால்வு வைத்த குழாய் ஒன்றைச் சுவருக்கடியில் பதியுங்கள். ஒரு மூலையில் குழி வெட்டி பம்பு வையுங்கள். டீசலோ பெட்ரோலோ, ஓடுகிற பம்பாக இருக்கட்டும். வெள்ளத்தில் கரண்ட் முதலில் போய்விடும்.

அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் 2009இல் ரெட் நதிக்கு இந்தப் பெட்டிகளைத்தான் அடுக்கினார்கள். அது பனி உருகி வரும் வெள்ளம், வருவது முன்கூட்டியே தெரியும். நம் குமரி மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் அதிக தூரமில்லை. பேச்சிப்பாறை அணையில் உபரிநீரைத் திறந்த செய்தி வந்த பிறகு ஜேசிபிக்குப் போன் பண்ணிப் பயனில்லை. புரட்டாசிக்குள் கட்டி முடித்திருக்க வேண்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், வைகாசிக்கு முன்னால் ஒருமுறை துருவையும் துணிக்கிழிசலையும் பார்த்துவிடுங்கள். வெயில் பட்டே துணி நைந்துபோகும்.

பட்டா நிலத்துக்குள் கட்டினாலும் நீர்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆற்றுப் புறம்போக்கில் ஒரு பெட்டிகூட வைக்கக் கூடாது. உங்கள் சுவரில் முட்டித் திரும்பும் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகாதா என்பதையும் பாருங்கள். பிறகு வழக்குத்தான்.

மச்சான் விஷயம். ஆற்று வெள்ளம் நின்று தள்ளும், கடல் அலை இடித்து இழுக்கும். பெட்டியின் காலடியில் மணலைப் பறித்துவிடும், துணி ஓரிடத்தில் கிழிந்தாலும் உள்ளிருக்கும் மண் முழுதும் கரைந்து வெறும் கம்பிக்கூடு நிற்கும். டன் கணக்கில் எடையுள்ள பாறைகளைக் கொட்டிக் கடல்சுவரும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவும் அமைப்பது அதனால்தான். அது தனி ஆளின் செலவில் ஆகிற காரியமில்லை. ஊர் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுப்பதே வழி. அதுவரை, கள்ளக்கடல் (திடீரென அலை பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை வந்தால் சாமானை உயரத்தில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளோடு அவர் உங்கள் வீட்டுக்கு வந்துவிடட்டும்.