பிரான்சிஸ் பேக்கன்: கேட்டவையும் சொன்னவையும்

இங்கிலாந்தின் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கனைப் (1561–1626) பல வருடமாக வாசித்து வருகிறேன். அவரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

சார், 'அறிவே ஆற்றல்' அவர் சொன்னதுதானே?

பாதி சரி. 1597-இல் வந்த அவருடைய லத்தீன் தியானக் குறிப்புகளில் 'அறிவே ஒரு ஆற்றல்' என்ற பொருளில் ஒரு வரி உண்டு. ஆனால் அங்கே பேச்சு கடவுளின் அறிவைப் பற்றியது. இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் லத்தீன் வாசகம் அப்படியே இருப்பது தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் எழுதிய லெவியதான் என்ற அரசியல் நூலின் 1668 லத்தீன் பதிப்பில். அந்த ஹாப்ஸ் ஒரு காலத்தில் பேக்கன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர்தான்.

தத்துவம் என்றாலே கொட்டாவி வருகிறது. இவர் சிரிக்க வைப்பாரா?

வைப்பார். துணுக்குகளைத் தொகுத்துத் தனிப் புத்தகமே போட்ட ஆள். அவர் பேரில் வழங்கும் ஒரு கதை: செல்சீ பக்கம் தேம்ஸ் ஆற்றில் மீனவர்கள் வலை வீசப் போகிறார்கள். வருகிற மீனை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், என்ன விலை என்கிறார் பேக்கன். 30 ஷில்லிங் என்கிறார்கள். இவர் 10-க்கு மேல் ஏறவில்லை. சரி, வேடிக்கை மட்டும் பார்க்கிறேன் என்று நின்றுகொள்கிறார். வலையை இழுத்தால் ஒரு மீன்கூட இல்லை! கையில் வந்ததை விட்டுவிட்டீர்களே என்றால், இன்னும் நல்ல லாபம் வரும் என்று நம்பினோம் ஐயா என்கிறார்கள். அதற்கு அவர் பதில்: "நம்பிக்கை காலைப் பலகாரத்துக்கு நல்லது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகாது."

எனக்கு ஜோசியம் மூன்று முறை அப்படியே பலித்திருக்கிறது. பேக்கன் என்ன சொல்வார்?

பலிக்காதது எத்தனை முறை என்று கேட்பார். 1620-இல் வந்த, அறிவைத் தேடும் முறை பற்றிய நோவம் ஆர்கனம் என்ற நூலில் இதற்கென்றே ஒரு பழங்கதை சொல்கிறார். கப்பல் உடைந்தும் வேண்டுதலால் பிழைத்தவர்களின் படங்களை ஒருவனுக்குக் கோயிலில் காட்டி, இப்போதாவது தெய்வ சக்தியை ஒப்புக்கொள்கிறாயா என்கிறார்கள். "வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறான் அவன்.

இந்தக் கேள்விதான் பேக்கனின் முறைக்கே அச்சாணி என்பேன். வெப்பம் என்றால் என்ன என்று ஆராயும்போது, சூடுள்ளவற்றை மட்டும் பட்டியல் போட்டு நிறுத்தமாட்டார். அவற்றைப் போலவே இருந்தும் சூடில்லாதவற்றுக்கு எதிரில் இன்னொரு பட்டியல் போடுவார். சூரிய ஒளி சுடுகிறது, நிலா வெளிச்சம் ஏன் சுடவில்லை? அதையும் சும்மா நம்பாதே, நல்ல பூதக்கண்ணாடியால் நிலவொளியைக் குவித்துப் பார் என்கிறார். நீங்களும் ஒரு நோட்டில் பலிக்காத ஜோசியத்தையும் எழுதி வையுங்கள், அப்புறம் பேசலாம்.

இவ்வளவு பேசியவர் லஞ்சம் வாங்கினாராமே?

வாங்கினார். 1618-இல் லார்ட் சான்சலர், அதாவது நாட்டின் உயர்ந்த நீதிப் பதவிக்காரர் ஆனார், 1621-இல் மாட்டிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 40,000 பவுண்டு அபராதம், லண்டன் டவரில் சில நாள் சிறை. அபராதத்தை மன்னர் ஜேம்ஸ் கைவிட்டார். பணம் கொடுத்த சிலருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் அவர்கள் புகார் செய்தார்கள். இதை நேர்மை என்பதா, இரட்டைத் துரோகம் என்பதா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. அவர் கணிப்பு வேறு: 50 வருடத்தில் இங்கிலாந்தில் தன்னைவிட நியாயமான நீதிபதி இல்லை, 200 வருடத்தில் நாடாளுமன்றம் தந்த தண்டனைகளில் இதைவிட நியாயமானதும் இல்லை.

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது இவரா?

இல்லை. அடுத்த கேள்வி.

எதிலிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம், ஐயா?

கட்டுரைகளிலிருந்து. 1597-இல் 10 இருந்தது, 1625 பதிப்பில் 58 ஆனது. பல இரண்டு மூன்று பக்கம்தான். பணம் எரு மாதிரி, பரப்பினால்தான் பயன் என்ற வரி அங்கேதான் வருகிறது.

கோழிக்குள் பனியை அடைத்துப் பார்க்கப் போய்ச் சளி பிடித்துச் செத்தார் என்பது உண்மையா?

அந்தக் கதையை எழுதிவைத்தவர் பிரபலங்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்த ஜான் ஆப்ரி, பல பத்தாண்டு கழித்து. ஹாப்ஸ் சொல்லிக் கேட்டதாம். பேக்கனின் கடைசிக் கடிதத்தில் கோழி இல்லை. லண்டன் பக்கம் ஹைகேட்டில் அருண்டெல் பிரபுவின் வீட்டில் படுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கே எழுதுகிறார்: பொருள்களைக் கெடாமல் வைப்பது பற்றிச் சோதனை செய்ய வந்தேன், வெசூவியஸ் எரிமலையைப் பார்க்கப் போய் இறந்த ரோமானிய அறிஞர் பிளினியின் கதி எனக்கும் வர இருந்தது, சோதனை மட்டும் அருமையாக வந்தது என்று. 1626 ஏப்ரல் 9-இல் இறந்தார். அந்தக் கடிதத்தைச் சொந்தக் கையால் எழுதாததற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியவில்லையாம்.