ஆதாரை இணைத்துவிட்டால் வசவு நின்றுவிடுமா?

கேள்வி இது: "சமூக ஊடகங்களில் வாய்க்கு வந்தபடி ஆபாசமாகத் திட்டுகிறவர்களை அடக்க வழியே இல்லையா? ஒவ்வொரு கணக்கோடும் ஆதாரை இணைத்து, கடுமையான புதுச் சட்டம் ஒன்று போட்டால் சரியாகிவிடாதா?"

எங்கள் ஊரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனு, போலீஸ் புகார் மனு என்று டைப் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. முன்பெல்லாம் புகார் என்றால் வரப்புத் தகராறு, கைமாற்றுத் தகராறு. இப்போது ஃபோனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, இதைக் கொஞ்சம் பிரிண்ட் எடுத்துக் குடுங்க" என்பார்கள். படித்துவிட்டு நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்க நமக்கே கூச்சமாக இருக்கும். நான் வக்கீல் இல்லை. மனு அடிக்கிறவனாகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஆதார். தென்கொரியாவில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2007 முதல் அங்கே பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால், குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்துத் தான் இன்னார் என்று காட்ட வேண்டியிருந்தது. 2011-இல் ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 5 கோடி சொச்சம்தான். 2012 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு செல்லாது என்று அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வசவு பெரிதாகக் குறைந்ததற்கான அத்தாட்சி இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

எனக்குக் கொரியாவைவிட என் கடை மேஜைதான் பெரிய சாட்சி. நான் பிரிண்ட் எடுக்கும் வசவுகளில் பாதிக்கு மேல் சொந்தப் பெயரில் எழுதியவை. ப்ரொஃபைலில் குலசாமி படம் இருக்கும், மகளின் பிறந்தநாள் கேக் இருக்கும், வேலை பார்க்கும் கம்பெனிப் பெயர்கூட இருக்கும். முகத்தை மறைத்துக்கொண்டு திட்டுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு மறைக்க வேண்டிய காரியம் என்ற நினைப்பே இல்லை. மாறாக, மாமனார் கண்ணிலும் மேலதிகாரி கண்ணிலும் படாமல் தன் பாட்டை எழுதுவதற்காகப் புனைபெயர் வைத்திருக்கும் பெண்கள் நிறைய. ஆதார் கேட்டால் முதலில் கணக்கை மூடுவது அவர்கள்தான்.

அப்புறம் கடுமையான சட்டம். அதையும் நாம் வைத்துப் பார்த்தாயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு. இணையத்தில் எழுதியது ஒருவருக்கு எரிச்சல் ஊட்டினால், சங்கடம் உண்டாக்கினால்கூட மூன்று வருடம் வரை சிறை. அது யாரைப் பிடித்தது? 2012 அக்டோபரில் புதுச்சேரி வியாபாரி ஒருவர், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பதினாறே பேர். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்காக மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பிடித்தார்கள். 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. என் கடைக்கு வருகிற மாதிரி ஒரு பெண்ணுக்கு அது கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

இருக்கிற சட்டமே போதும் என்பது என் கட்சி. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது எல்லாம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் வரும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் பேச்சு, சைகை 79-இல். போலிக் கணக்குக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி. ஆபாசத்துக்கு 67, 67ஏ. தமிழ்நாட்டுக்கென்று 1998-இலிருந்து பெண்கள் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. ஓட்டை இருப்பது வேறு இடத்தில். ஒரு கதை சொன்னால்தான் புரியும்.

2023 சித்திரையில் நடந்தது. நாலு கடை தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் பெண், ஜாக்கெட் கட்டிங்கும் ஆரி வேலையும் சொல்லிக்கொடுத்து யூடியூபில் வீடியோ போடுவார். கழுத்து அளவு காட்ட வேண்டியிருந்ததால் பொம்மைக்குப் போட்டும் காட்டுவார், தான் போட்டும் காட்டுவார். கமெண்டில் ஆரம்பித்தது. முதலில் உடம்பு, பிறகு சாதி. அவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். அப்புறம் வேறொரு பெரிய தளத்தில் அவர் படத்தையே வைத்து ஒரு ஃபேக் ஐடி. கீழே கடை போர்டில் இருக்கும் அதே செல் நம்பர். அதற்கும் கீழே, "ரேட்டுக்குக் கூப்பிடவும்." ராத்திரி முழுக்க ஃபோன். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்தபோது அவர் தம்பியும் கூட வந்தான். சேனலை மூடு என்பதுதான் அவன் பேச்சு.

"கமெண்டெல்லாம் இருக்கா தங்கச்சி?" என்றேன். "பாக்கவே அருவருப்பா இருந்துச்சுண்ணே, டெலிட் பண்ணிட்டேன்."

இங்கேதான் பாதி வழக்கு செத்துப்போகிறது. அருவருப்பில் அழித்துவிடுகிறோம், கோபத்தில் பிளாக் பண்ணிவிடுகிறோம். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதுவும் ஓரத்தை வெட்டாமல், தேதியும் நேரமும் தெரியும்படி. அதைவிட முக்கியம், அந்தப் பதிவின் லிங்க்கும் அந்தக் கணக்கின் லிங்க்கும். மேலே தெரியும் பெயரை அவன் நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஃபோனை மாற்றாதீர்கள், ரீசெட் போடாதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியம் என்று வைக்கும்போது, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் கேட்பார்கள். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்றார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63.

நல்லவேளை, ஃபேக் ஐடி அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தில் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினோம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: எங்கள் விதிகளை இது மீறவில்லை. மனிதன் யாராவது படித்தானா என்பதே சந்தேகம். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வசவு அந்த இயந்திரத்துக்குப் புரியவில்லை என்பது என் ஊகம்.

பட்டனோடு நின்றுவிடக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தளத்திலேயே வெளியிட வேண்டும். நிர்வாணப் படம், ஒட்டுப்போட்ட படம், ஆள்மாறாட்டம் என்றால், பாதிக்கப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது அந்த விதி. அந்த அதிகாரியின் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து, "இது ஆள்மாறாட்டம், என் படம், என் நம்பர், 3(2)(பி) விதியின் கீழ் கேட்கிறேன்" என்று நாலு வரி அனுப்பினோம். மறுநாள் மத்தியானம் அந்தக் கணக்கு காணோம். வசவு என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆள்மாறாட்டம் என்ற வார்த்தைதான் கதவைத் திறந்தது. அங்கேயும் திறக்காவிட்டால் 30 நாளுக்குள் அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

ஸ்டேஷனில் கதை வேறு. "பிளாக் பண்ணிட்டுப் போங்கம்மா. வீடியோ போடாம இருந்தா இதெல்லாம் வருமா?" என்றார் அங்கிருந்தவர். சொன்னவர் மோசமான ஆள் இல்லை, அவருக்கு அன்றைக்கு இருந்த திருட்டு வழக்குகளில் இது ஒரு வழக்காகவே படவில்லை, அவ்வளவுதான். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்துவிட்டு, அந்த ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். எஃப்ஐஆர் உடனே போடவில்லை. ஆனால் புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் எந்த ஸ்டேஷன் படியையும் விட்டு இறங்காதீர்கள். (1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பலர். அது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கான எண்.)

இரண்டு மாதம் கழித்து ஆள் யார் என்று தெரிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் மனைவியும் அதே கடையில்தான் துணி தைக்கக் கொடுப்பவர், அது போதும். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான், தையல்காரத் தங்கச்சி வழக்கு வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கோர்ட்டுக்கு அலையப் போவது நான் இல்லையே.

எவ்வளவு காலம் அலைய வேண்டும் என்பதற்கு ஊரறிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது அனுப்பிய செய்தி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். பத்திரிகையாளர்கள் திரண்டு நின்ற வழக்குக்கே கிட்டத்தட்ட ஆறு வருடம். ஆனாலும் ஃபார்வர்டு பண்ணியவனுக்கும் பொறுப்பு உண்டு என்று ஆனதே, அதற்காக அந்தத் தீர்ப்பை நான் கடையில் எல்லோரிடமும் சொல்வேன்.

தங்கச்சி சேனலை மூடவில்லை. அதற்காக ஒருநாள் சாயங்காலம் அரை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். யூடியூபில் தடுக்க வேண்டிய சொற்களை நாமே பட்டியலாகக் கொடுக்கலாம். அந்தச் சொல் இருக்கும் கமெண்ட் வெளியே தெரியாமல் நம் பார்வைக்கு மட்டும் நிற்கும். சரி, பட்டியல் போடுவோம் என்று பார்த்தால், ஒரே வசவு தமிழில் ஒரு விதம், ஆங்கில எழுத்தில் பதினோரு விதம். நடுவில் புள்ளி வைத்து, நட்சத்திரம் வைத்து, எழுத்துக்குப் பதில் எண் போட்டு. அவர் வாயால் ஒன்றுகூடச் சொல்லவில்லை. புதிதாக எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் பிரிண்டுகளில் விரலை வைத்துக் காட்டுவார், நான் அடிப்பேன். என் வாழ்நாளில் அவ்வளவு கெட்ட வார்த்தை ஒரே ஃபைலில் அடித்ததில்லை. டீ கொண்டுவந்த அம்மா, "என்னடா இவ்ளோ நேரமா அடிக்கிற?" என்றார். "மனுதாம்மா" என்றேன். மொத்தம் 137 வந்தது.

கடைசியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோம். "ரேட்." அந்தத் தங்கச்சிக்கு வந்த அசிங்கத்தில் முக்கால்வாசி, "அக்கா ரேட் என்ன?" என்ற மூன்றே வார்த்தைதான். உண்மையாகவே ஜாக்கெட் தைக்கக் கூலி கேட்கிற பெண்களும் அதே மூன்று வார்த்தையைத்தான் எழுதுவார்கள். எந்த இயந்திரத்தையும் அதிகாரியையும் வைத்து இதைப் பிரித்துவிட முடியாது. எழுதியவன் கணக்கைத் திறந்து, முந்தைய கமெண்டுகளைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். தடுத்துவிடலாமா என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

இன்றைக்கும் அந்தச் சொல் பட்டியலில் இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் ஒவ்வொன்றாக அவரே பார்த்து, வேண்டாததைத் தூக்கிவிட்டு மற்றதற்குப் பதில் போடுகிறார். போன வாரம் அப்படிக் கேட்ட ஒருவர் ஆறு ஜாக்கெட் துணியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். அளவுச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னார்.