மீன் தொட்டியின் எடையைத் திருகாணி சுமக்கக் கூடாது

கேள்வி: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டிக்கு நானே மரத்தில் தாங்கி செய்யவிருக்கிறேன். மேல்சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து, மூலைக்கு ஆறு திருகாணி முடுக்கினால் போதுமா, எட்டு வேண்டுமா?

பதில்: ஆறா எட்டா என்பதற்கு முன்னால், அந்த வேலையைத் திருகாணியிடம் ஒப்படைக்கலாமா என்று பார்க்க வேண்டும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மேலே இரண்டு விரற்கடை விட்டு நிரப்பினாலும் தண்ணீர் மட்டுமே 240 கிலோவை ஒட்டி வரும். 10 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டி 50 கிலோ, மணலும் கல்லும் 40 கிலோ எனக் கூட்டினால் மொத்தம் 330 கிலோ. மேசை மீது ஏறி நிற்கும் ஆள் சற்று நேரத்தில் இறங்கிவிடுவார்; இந்தச் சுமையோ ஆண்டுக்கணக்கில் இறங்காது, விடாத சுமையின் கீழ் மரம் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

நீங்கள் சொல்லும் அமைப்பில் இந்த 330 கிலோவும் திருகாணிகளின் தண்டில் தொங்குகிறது. மாறாக, மேல்சட்டகம் கால்களின் தலையில் நேராக உட்கார்ந்தால் எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரையைச் சேரும். நார் ஓடும் திசையில் அழுத்தத்தைத் தாங்குவதில் மரத்துக்கு இணை குறைவு என்பதால், 50 × 100 மி.மீ. கால் ஒன்றே இந்த முழு எடையையும் நசுங்காமல் தாங்கிவிடும். எனவே ஒவ்வொரு மூலையிலும் இரண்டு துண்டுகளை வையுங்கள்: ஒன்று மேல்சட்டகத்துக்கும் கீழ்ச்சட்டகத்துக்கும் இடையில் இறுக்கமாக நின்று எடையைச் சுமக்கட்டும், மற்றது அதையும் இரு சட்டகங்களையும் அணைத்தபடி மரப் பசையாலும் திருகாணியாலும் பிணைந்திருக்கட்டும். இப்படிச் செய்தால் மூலைக்கு நான்கு திருகாணியே தாராளம், ஏனெனில் அவற்றின் வேலை இனி விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. சுமக்கும் துண்டுகள் நான்கையும் ஒன்றாக அடுக்கி ஒரே அளவில் அறுப்பது முக்கியம். ஒன்று இரண்டு மி.மீ. குட்டையானாலும் அந்த மூலையின் எடை மறுபடியும் திருகாணிக்கே போய்விடும்.

மேல்சட்டகத்தின் நீளச் சட்டங்களைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்துங்கள். அதே 50 × 100 மி.மீ. சட்டம் குத்துவாட்டில் நான்கு மடங்கு குறைவாகவே தொய்யும். நான்கடி நீளத்துக்கு நடுக்கால் இல்லாமலே சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு கால் வேண்டும், கதவு வைக்க இடைஞ்சலாக இருந்தாலும் சரி.

வீட்டில் செய்யப்படும் தாங்கிகளில் பெரும்பாலும் கோட்டை விடப்படுவது பக்கவாட்டு ஆட்டம். மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் அசையாத சட்டகம், யாராவது இடுப்பால் இடித்தால் சாய்சதுரமாகச் சரியக்கூடும். பின்புறம் முழுவதும் 12 மி.மீ. பிளைவுட்டைப் பசையிட்டுத் திருகிவிட்டால் நீளவாட்டு ஆட்டம் நின்றுவிடும். இரு பக்கங்களிலும் அடித்தால் முன்பின் ஆட்டமும் நிற்கும். அதை அடிக்கும் முன் சட்டகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து, அவை சமமாகும் வரை தட்டிச் சரிசெய்யுங்கள். மேல்பலகைக்கு 18 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட் போதும். மரத்தூள் பலகையைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊதி, திருகாணிப் பிடியை விட்டுவிடும். பச்சை மரமும் ஆகாது, காயும்போது முறுக்கிக்கொள்ளும். வார்னிஷ் பூசும்போது கால்களின் அடிமுனைக்கு மட்டும் இரண்டு மூன்று பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது முக்கியமாக அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான்.

தாங்கியை நிரந்தர இடத்தில் நிறுத்தி, ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் ஆப்பைக் கால்களுக்கு அடியில் செருக வேண்டும், தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் ஒருபோதும் செருகக் கூடாது. பிறகு காலித் தொட்டியை ஏற்றி, அதன் அடிவிளிம்பைச் சுற்றி ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் எங்கே உள்ளே போகிறதோ அங்கே பலகை பள்ளமாக இருக்கிறது, தொட்டியை இறக்கி மேட்டை இழைத்துச் சமமாக்க வேண்டும். அடிக்கண்ணாடி நேரடியாகப் பலகையில் உட்காரும் தொட்டி என்றால், கடைசியில் ஒரு மெல்லிய ஃபோம் விரிப்பு தேவை. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியில் எடை விளிம்பில் மட்டுமே இறங்க வேண்டும் என்பதால் அதற்கு விரிப்பு கூடாது.

முதல் முறை நிரப்பும்போது கால்பங்கு, அரைப்பங்கு என நிறுத்தி நிறுத்தி ரசமட்டத்தைப் பாருங்கள். குமிழி நகர்ந்தால் தண்ணீரை வடித்துவிட்டு ஆப்பைத் திருத்துங்கள். நகராவிட்டால் முழுவதும் நிரப்பி, மீன் விடாமல் ஒரு நாள் அப்படியே வைத்திருந்து மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.