கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் நிரல் எழுத எந்த லினக்ஸ் இயங்குதளம்: உபுந்துவா, ஃபெடோராவா?

8 ஜிபி ரேம், பைத்தானும், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரும்தான் வேலை என்கிறீர்கள். அப்படியென்றால் என் ஓட்டு உபுந்து 24.04-க்கு. 2024 ஏப்ரலில் வந்தது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். ஃபெடோராவில் எல்லாம் புத்தம்புதிது, ஆனால் ஒரு வெளியீட்டுக்கு ஏறக்குறைய 13 மாத ஆதரவுதான். அடிக்கடி மேம்படுத்தப் பொறுமை இருந்தால் சரி.

உபுந்துவில் வழக்கமாக வரும் க்னோம் திரைச்சூழல் 8 ஜிபிக்குக் கொஞ்சம் கனம். டாக்கரோடு பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் திணறும். அதற்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலைப் போட்டுக்கொள்ளுங்கள்; பார்க்கப் பழசு, ஓட்டம் லேசு.

அப்புறம், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் வைத்து எதையாவது நேரடியாக நிறுவப் போனால் 24.04 மறுத்துவிடும். பயப்படாதீர்கள், அது கோளாறு இல்லை. கணினியே நம்பியிருக்கும் பைத்தானை நாம் குலைத்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் தடை. புராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வென்வ் (பைத்தானுக்கான தனிச் சூழல்) உருவாக்குங்கள்.

விண்டோஸை அழிக்குமுன் உபுந்துவை யூஎஸ்பியிலிருந்தே ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள்.