வாசகர் கேள்வி – பதில்: திருக்கைக்கு வயது பார்ப்பது எப்படி?

ஏலத்துக்கு 90 செ.மீ. அகலத் திருக்கை வந்தது. பத்து வயது இருக்கும் என்றார் ஒருவர், இருபது என்றார் இன்னொருவர். அகலத்தைப் பார்த்தே வயது சொல்ல முடியாதா? – வாசகர், பாம்பன்

குட்டி என்றால் ஓரளவு சொல்லலாம். வளர்ந்த மீனில் முடியாது. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். பிறக்கும்போது 20 செ.மீ., கடைசியில் எட்டக்கூடிய அகலம் 100 செ.மீ., வளர்ச்சி வேகக் கெழு (கடைசி அகலத்தை எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதைக் காட்டும் எண்) ஆண்டுக்கு 0.2 என்று ஒரு திருக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். மீன் வளர்ச்சியைக் கணக்கிடப் பயன்படும் வான் பெர்டலன்பி சமன்பாட்டின்படி ஒரு வயதில் அது 34 செ.மீ.யைத் தாண்டிவிடும். ஐந்து வயதில் 70, பத்து வயதில் 89. இருபது வயதிலோ 98தான். முதல் ஆண்டில் மட்டும் 14 செ.மீ. வளர்ந்த மீன், பிந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது செ.மீ.தான் கூடுகிறது. அந்த இடத்தில் நாலு செ.மீ. அளவுப் பிழை வந்தாலே பல வயது தவறிவிடும். போதாக்குறைக்குப் பல திருக்கை இனங்களில் ஆண் சிறியதாகவே நின்றுவிடும். ஒரே அகலத்தில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு வயதாக இருக்கலாம்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். வால் அறுந்தும் வெட்டுப்பட்டும் வருவதால் மொத்த நீளத்தை நம்ப முடியாது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள வட்டு அகலமே கணக்கு. முதுகின் மேடு மேல் டேப்பை வளைத்து ஓட்டினால் கூடுதலாகக் காட்டும். மீனைக் குப்புறப் போட்டு, இரு நுனியிலும் குச்சியை நட்டமாக நிறுத்தி, குச்சிக்குக் குச்சி நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

மற்ற மீனுக்குக் காதுக்கல்லை வைத்து வயது பார்க்கிறார்கள். திருக்கைக்கு அப்படிச் செய்யாதது ஏன்? வால் முள்ளில் வளையம் இருக்காதா? – வாசகர், தேவிபட்டினம்

மற்ற மீன்களின் காதுக்குள் இருக்கும் கல்லில் வளர்ச்சி வளையங்கள் படியும். சுறா, திருக்கை வகைகளுக்குக் காதில் அப்படிக் கல் கிடையாது. மணல்போலச் சிறு துகள்கள்தான். எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. அதில் சுண்ணாம்பு ஏறி இறுகும், முதுகுத்தண்டின் கணுக்களான முள்ளெலும்புகளில்தான் வளர்ச்சிப் பட்டைகள் படிகின்றன. நம் திருக்கையின் நச்சு முள் அவ்வப்போது விழுந்து புதிதாக முளைப்பது. அதை எண்ணினால் முள்ளின் கதைதான் தெரியும், மீனின் வயது தெரியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர்கடலிலும் ஆழ்கடலிலும் வாழும் ‘ஸ்கேட்’ வகைக்கு நச்சு முள் இல்லை. வால் தடித்திருக்கும், குட்டி போடாமல் தோல்போன்ற உறையில் முட்டையிடும். அவற்றில் சில இனங்களுக்கு வாலின் மேல்புறம் வரிசையாகக் கெட்டி முட்கள் இருக்கும். அவை விழாமல் மீனோடு வளர்வதால் அவற்றின் பட்டைகளை எண்ணி வயது பார்க்கிறார்கள். மீனைக் கொல்லாமலே எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி. தமிழில் இரண்டையும் திருக்கை என்றே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

கல்லூரி ஆய்வுக்காகத் திருக்கை முள்ளெலும்பை வெட்டிப் பார்க்க வேண்டும். எங்கிருந்து எடுப்பது, எப்படித் தயாரிப்பது? – மாணவி, இராமநாதபுரம்

பலர் முதல் வெட்டிலேயே தவறுகிறார்கள். திருக்கையின் தலைக்குப் பின்னால் உள்ள முள்ளெலும்புகள் ஒட்டி ஒரே தண்டாகியிருக்கும். அங்கே வெட்டினால் தனி எலும்பே கிடைக்காது. அதைத் தாண்டி, வயிற்றுக் குழிக்கு நேர்மேலே தடிமனாக உள்ள இடத்தில் ஆறு முதல் எட்டு எலும்புகளைத் துண்டாக எடுங்கள். எல்லா மீனிலும் அதே இடமாக இருக்கட்டும். முழு மீனை நடுவில் வெட்ட வியாபாரி விடமாட்டார். துண்டு போடும் இடத்தில் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஆனால் கத்தி படுமுன் இனம், ஆண்/பெண், வட்டு அகலம், பிடித்த தேதி, வலை ஆகியவற்றைக் குறித்திருக்க வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பின்னால் ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

உறையவைத்துக் கொண்டுவந்ததை இளகவிட்டு, வெந்நீரில் சற்று நேரம் போட்டால் சதை கழன்றுவரும். எலும்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் உள்ள வளைவான பகுதியை நறுக்கிவிட்டு, மிச்சத் திசுவை நீக்க 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஊறவையுங்கள். சிறியதற்கு ஐந்து நிமிடம், பெரியதற்கு அரை மணி. பக்கத்திலேயே நின்று பாருங்கள். கூடுதலாக ஊறினால் ஓரம் கரையும். கடைசிப் பட்டை இருப்பது ஓரத்தில்தான், அது போனால் வயது குறைந்துவிடும். ஓடும் நீரில் நன்றாக அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள்.

பிறகு உலர்த்தி, ரெசினில் பதித்து, மெதுவாகச் சுழலும் வைர ரம்பத்தில் நீளவாக்கில் 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமனில் சீவ வேண்டும். வெட்டு எலும்பின் மையப் புள்ளி வழியாகப் போனால் சீவல் உடுக்கை வடிவில் கிடைக்கும். இடை குறுகாத உடுக்கையாக வந்தால் மையம் தவறிவிட்டது, தூக்கிப் போடுங்கள். மையத்துக்குச் சற்று வெளியே, உடுக்கையின் விளிம்புக் கோடு கோணம் மாறும் இடமே பிறப்புக் குறி. எண்ணிக்கை அதற்கு அப்பால்தான் தொடங்கும். ஓர் அடர்ந்த பட்டையும் ஓர் ஒளி ஊடுருவும் பட்டையும் சேர்ந்து ஒரு சோடி. பட்டை மங்கலாக இருந்தால் கிரிஸ்டல் வயலட் சாயம் உதவும். சீவாமல் முழு எலும்பின் முகத்தைப் பார்த்து எண்ணுவது எளிதுதான், ஆனால் வயதான மீனில் ஓரப் பட்டைகள் நெருங்கி ஒன்றாகத் தெரியும்.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். மீனின் அகலம் இருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பெரிய மீனுக்குக் கை தானாகவே கூட்டி எண்ணும். எண்ணிக்கை ஒத்துவராத எலும்பைச் சேர்ந்து ஒருமுறை பாருங்கள், அப்போதும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு சோடிப் பட்டை ஓர் ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நம் கடலில் குளிர்காலமே இல்லையே. – வாசகர், மண்டபம்

கேட்க வேண்டிய கேள்வி. இதைப் பார்க்காமலே வயது எழுதும் அறிக்கைகள் உண்டு. கலிபோர்னியக் கடலின் ஏஞ்சல் சுறாவை ஆராய்ந்தபோது, பட்டைகள் ஆண்டுக் கணக்கில் அல்ல, உடல் வளர்ச்சிக் கணக்கில் படிகின்றன என்று தெரிந்தது. அதில் பட்டை எண்ணி வயது சொல்வதற்கில்லை. நம் கடலிலோ வெப்ப வேறுபாடு குளிர்நாட்டுக் கடலைவிடச் சிறியது. ஆகவே இனத்துக்கு இனம் சோதித்தே ஆகவேண்டும்.

நம்மால் முடிந்தது ஓரப் பட்டை முறை. ஓரத்தில் இன்னும் முழுமையாகாத கடைசிப் பட்டையின் அகலத்தை, அதற்கு முந்தைய முழுச் சோடியின் அகலத்தால் வகுத்து மாதம்தோறும் வரைய வேண்டும். விகிதம் மெல்ல ஏறி, ஆண்டில் ஒரே ஒருமுறை விழுந்தால் ஆண்டுக்கு ஒரு சோடி என்பதற்கு ஆதரவு. இருமுறை விழுந்தால் எல்லா வயதும் பாதியாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதால் வரைபடத்தில் இரண்டு மாத ஓட்டை விழும். நாட்டுப்படகின் திருக்கை வலையில் வருவதை வாங்கி நிரப்பலாம். ஆனால் அகலக் கண்ணி வலையில் பெரிய மீனே சிக்கும். குட்டிகள் இல்லாமல் வளர்ச்சிக் கோடு வரைந்தால் அதன் தொடக்கமே கோணும். இழுவலை மீனையும் சேருங்கள்.

இன்னும் உறுதியான வழி, உயிரோடு பிடித்த மீனுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 மி.கி. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டு, அடையாளச் சீட்டுக் கட்டி விடுவது. மருந்து அன்றைய எலும்பு ஓரத்தில் படிந்து, புற ஊதா ஒளியில் மிளிரும். பிறகு மீன் பிடிபட்டால், அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை சோடி என்று எண்ணி, கடந்த நாட்களோடு ஒப்பிடலாம். சீட்டு கட்டிய திருக்கை உங்கள் வலையில் வந்தால் சீட்டை மட்டும் அறுத்துக் கொடுப்பதில் பயனில்லை. அகலமும் தேதியும் முதுகெலும்பும் வேண்டும். வட அட்லாண்டிக் முள் ஸ்கேட்டில், 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் கடலில் கலந்த கதிரியக்கக் கார்பனை எலும்பில் அளந்து, அது குறைந்தது 28 ஆண்டு வாழும் என்று காட்டியிருக்கிறார்கள்.

காய்ந்த திருக்கைக் கருவாட்டிலிருந்து எலும்பு எடுத்தால் ஆகுமா? – வாசகர், தங்கச்சிமடம்

பட்டை தெரியும். ஆனால் துண்டாக்கிய கருவாட்டில் இனம், ஆணா பெண்ணா என்பது, அகலம் மூன்றும் தெரியாமல் போய்விடுவதால் வளர்ச்சிக் கணக்குக்கு உதவாது. சீவிப் பழகுவதற்கு நல்லது. ஒன்று மட்டும் கவனம். வேளா (ரம்பம்போன்ற மூக்குள்ள மீன்), பெரிய உழுவை (சுறாபோல் நீண்ட உடலுள்ள திருக்கை வகை), உடம்பெல்லாம் முள் மண்டிய திருக்கை ஆகியவை 2001 முதலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றின் எலும்பை ஆய்வுக்கென்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.