மோட்டார்ஹோமின் 3500 கிலோ வரம்பை 3850 ஆக்குவது வெறும் பேப்பர் வேலையா?

கேள்வி: லண்டனில் இருக்கும் மாமா ஃபியட் டுக்காட்டோ சேசியில் கட்டிய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறார். பாரத்தோடு சேர்த்த மொத்த நிறைக்கு உள்ள 3500 கிலோ வரம்பு குடும்பத்துக்கும் சாமானுக்கும் போதவில்லை, 3850 ஆக்கப்போகிறேன், பேப்பர் வேலை மட்டும்தான் என்கிறார். உண்மையா? கொழும்பில் நாங்கள் கேம்பர் ஆக்கும் ஹையேஸ் வானுக்கும் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டிப்போட்டு இப்படிச் செய்யலாமா?

பதில்:

மாமா சொல்வது பெரும்பாலும் சரி. உங்கள் வான் கதை வேறு. முன்பு இங்கிலாந்தில் கேம்பர் வேலை செய்தேன், இப்போது கிராண்ட்பாஸ் பக்கம் லொறி பொடி கட்டும் இடத்தில் இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

3500 கிலோ என்றதும் அதற்கு மேல் ஏற்றினால் இரும்பு வளைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் வந்தது லைசன்ஸ் சட்டத்தில் இருந்து. அங்கே சாதாரண கார் லைசன்ஸில் ஓட்டக்கூடிய உச்சம் 3500, அதற்குள் இருந்தால்தான் வண்டி விற்கும். மாமாவிடம் வண்டியில் நிறை வரம்புகள் போட்டிருக்கும் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நான்கு எண்கள் இருக்கும்: மொத்த நிறை, ட்ரெய்லரோடு சேர்த்த நிறை, முன் அக்சில், பின் அக்சில். பல டுக்காட்டோக்களில் முன்னுக்கு 1850, பின்னுக்கு 2000. இரண்டையும் கூட்டினால் 3850. அவர் கேட்கும் எண் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அதற்கென்றே உள்ள பொறியியல் கம்பனிகள் விவரங்களைச் சரிபார்த்து, சான்றிதழும் புதுத் தகடும் தரும். அப்புறம் பதிவை மாற்ற, அங்கே வாகனப் பதிவைப் பார்க்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏக்கு அனுப்ப வேண்டும், காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்ல வேண்டும். ஸ்பனர் தொடவே தேவையில்லை.

ஆனால் இதில் மாமாவுக்கு உண்மையில் லாபம் இருக்கிறதா என்பது வண்டிகளை நிறுக்கும் வேபிரிட்ஜில்தான் தெரியும். தண்ணீர், டீசல், காஸ், ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் முன் அக்சிலைத் தனியாக, பின் அக்சிலைத் தனியாக நிறுக்க வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் வெற்று நிறையை நம்ப வேண்டாம். அதில் 75 கிலோவில் ஒரு சாரதியும் 90 வீதம் எரிபொருளும் சேர்ந்திருக்கும், ஆனால் 5 வீதம் முன்பின் இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. 3000 கிலோ வண்டியில் அது 150 கிலோ, அதாவது இரண்டு ஆள்.

நான் பார்த்த வண்டிகளில் மொத்த நிறை வரம்பைத் தொடுமுன்பே பின் அக்சில் அதன் வரம்பைத் தொட்டுவிடும். பின்னுக்குத் தொங்கும் பகுதி நீளம், பெரிய சாமான் அறையும் அங்கேதான். ஒரு கணக்குப் பாருங்கள். நீளமான டுக்காட்டோவில் இரண்டு அக்சிலுக்கும் இடையில் 4 மீட்டர் சொச்சம். பின் அக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் ரேக் போட்டு 100 கிலோ ஸ்கூட்டர் ஏற்றினால் பின் அக்சிலில் கூடுவது 100 அல்ல, 150. மிச்ச 50 முன் அக்சிலில் இருந்து கழன்றிருக்கும். டுக்காட்டோ முன் சக்கரத்தால் இழுக்கும் வண்டி, ஈரப் புல்லில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இந்த நிலையில் தகட்டில் 3850 அடித்து என்ன பயன்? பின்னுக்கு 2000 தாண்டினால் அதுவும் குற்றம்தான்.

பின் அக்சிலின் எண்ணையே கூட்ட வேண்டும் என்றால் அப்போதுதான் காசு போகும். பின் ஸ்பிரிங்கோடு காற்றுப் பை போடுவார்கள், டயரையும் பார்ப்பார்கள். டயரில் எழுதியிருக்கும் சுமை எண் 109 என்றால் ஒரு டயர் தாங்குவது 1030 கிலோ, இரண்டுக்கும் 2060. 2000க்குச் சரி, பின் அக்சிலை 2240 ஆக்கினால் போதாது. அதற்கு 112ஆவது வேண்டும், அது 1120. 116 என்றால் 1250, கவலையில்லை. பலர் காற்றுப் பையைப் போட்டுவிட்டு வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தே திருப்திப்படுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் தகட்டில் உள்ள பழைய எண்தான் எண்.

மாமாவின் லைசன்ஸையும் கேளுங்கள். 1997 ஜனவரி 1க்கு முன் அங்கே கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவருக்கு 7500 கிலோ வரை ஓட்டும் சி1 என்ற லைசன்ஸ் வகுப்பு கூடவே வந்திருக்கும். அதற்குப் பின் பாஸ் பண்ணியவர் தனியாக டெஸ்ட் எடுக்க வேண்டும். இங்கே கொழும்பில் எப்போது எடுத்தார் என்பது கணக்கில் வராது. 70 வயதில் சி1ஐப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை உண்டு. மகனும் மாறி மாறி ஓட்டுகிறவர் என்றால் அவருடைய தேதிதான் முக்கியம், ஏனென்றால் சி1 இல்லாவிட்டால் 3850 ஆனபின் வெறும் வண்டியைக்கூட அவர் தொட முடியாது. ஐரோப்பாவுக்குப் போகிற எண்ணம் இருந்தாலும் யோசிக்க வேண்டும்: 3500 தாண்டினால் ஒஸ்திரியாவில் வீதிக் கட்டண ஸ்டிக்கருக்குப் பதிலாக, ஓடும் தூரத்துக்குக் கட்டணம் கணக்கிடும் கோ-பொக்ஸ் கருவி, சுவிற்சர்லாந்தில் கனரக வரி, ஜெர்மன் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்.

சரி, உங்கள் ஹையேஸ். பஞ்சிகாவத்தையில் பிளேட் கிடைக்கும், ஒரு பகலில் போட்டும் தருவார்கள். பின்பக்கம் தாழாது. ஆனால் ஸ்பிரிங்தான் மாறியது. அக்சில், பெயாரிங், பிரேக், டயர், சேசி எல்லாம் பழையவைதான். பாரம் கூடிவிட்டது என்று பின்பக்கம் தாழ்ந்து காட்டிய ஒரே அடையாளத்தையும் நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது பிரேக்கில் ஏறும் சூடு பாரத்தோடு சேர்ந்தே கூடும், அதற்கு ஸ்பிரிங் எதுவும் செய்யாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறையும் பிளேட் போட்டதால் மாறாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் மாற்றினால்தான் மாற்றம். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்.

என்னைக் கேட்டால் ஹையேஸுக்குப் பாரத்தைக் குறைப்பதுதான் வழி. தச்சு பாஸ்மார் வீட்டு அலுமாரி கட்டுவதுபோல 18 மில்லிமீட்டர் பிளைவுட் கேட்பார்கள். 8க்கு 4 அடித் தகடு ஒன்று 30 கிலோவுக்குக் கிட்ட வரும், 12 மில்லிமீட்டர் என்றால் 20. ஐந்தாறு தகடு போனால் ஒரு ஆளின் பாரம் மிச்சம். 100 லீற்றர் தண்ணீர்த் தொட்டி 100 கிலோ. இந்த நாட்டில் தண்ணீர் கிடைக்காத ஊர் எது, 20 லீற்றரோடு புறப்படலாம். ஈயப் பற்றறிக்குப் பதில் லித்தியம் போட்டால் பாதிக்கும் குறைவு, விலைதான் கடிக்கும். பாஸ் வேலை தொடங்குமுன் வெறும் வானின் நிறையை முன்னும் பின்னும் தனித்தனியாக எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அந்த இரண்டு எண்ணும் வேண்டும்.