குளுக்கோஸ் பாட்டிலும் பதினெட்டுப் படியும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் முதல் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 74. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கத்திரி ஆரம்பித்ததிலிருந்து சோர்ந்தே கிடக்கிறார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் கேட்பதில்லை. பாத்ரூம் கீழே, நாலு குடித்தனத்துக்கும் பொது. பதினெட்டுப் படி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் ஊசி போடும் ஒருவர், வாரம் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் வெயில் தாக்காது, வீட்டுக்கே வந்து போடுகிறேன் என்கிறார். போடலாமா? தவணையில் ஏர்கூலர் வாங்கலாமா?

பதில்: போடக் கூடாது. கூலருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

சாதாரணமாக ஏற்றும் 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து டீஸ்பூன். மீதி தண்ணீர். உங்கள் அம்மா வாயால் குடித்தால் இரண்டு ரூபாய்கூட ஆகாத விஷயத்தை நரம்பு வழியாக ஏற்றி நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள். 'போட்டதும் தெம்பு வந்துச்சே' என்பார்கள். வரும். ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் யாருக்கும் தெம்பு வரும். சில பேர் குளுக்கோஸ் என்று சொல்லிவிட்டு சலைன் ஏற்றுகிறார்கள். அதில் அரை லிட்டருக்கு நாலரை கிராம் உப்பு. பிரஷருக்காகச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துப் போடுகிறீர்களே, அதை இவர் நேராக ரத்தத்தில் சேர்த்துவிடுவார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். படுக்கவைத்தால் உடனே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், மூச்சு இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறையில், ஒரே மதியத்தில் மூன்று பாட்டில் ஏற்றியிருந்தார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனம். ஏற்றியது அத்தனையும் நுரையீரலில் போய்த் தேங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டிலுக்கும் காசு வாங்கியிருந்தார்கள் என்று மகன் சொன்னது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விடாமல் வாந்தி எடுக்கிறவருக்கு, விழுங்க முடியாதவருக்கு, நினைவு தப்புகிறவருக்கு ட்ரிப்ஸ் தேவைப்படும். அதை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் அதைப் பார்க்க மாட்டார்.

சரி, அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டுப் படி. குடித்தால் இறங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், முட்டி வலியோடு மறுபடி ஏற வேண்டும். அதனால் காலையில் அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்கிறார். வட சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் எந்தக் கிழவியைக் கேட்டாலும், மகனிடம் சொல்லாததை டாக்டரிடம் சொல்வார். வயதானால் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் எத்தனை தடவை 'தண்ணி குடிம்மா' என்றாலும் பயன் இல்லை.

ஒரு கமோடு நாற்காலி வாங்குங்கள். அடியில் வாளி வைத்தது, மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் ஒரு மறைப்புத் துணி, மூடியுள்ள ஒரு வாளி, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கனமான ஸ்டூல். நாளுக்கு இரண்டு முறை நீங்கள் கீழே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். 'எனக்கு எதுக்குடா' என்று வெட்கப்படுவார். மூன்று நாளில் பழகிவிடும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. உயிரோடு இருக்கிறவருக்கு மாடியில் ஒரு கக்கூஸ் வேண்டும் என்று எந்த ஜன்னலில் மனு கொடுப்பது?

இப்போது முக்கியமான ஒன்று. கால் வீக்கத்துக்கு அம்மா சாப்பிடுவது பெரும்பாலும் நீர் மாத்திரையாக, அதாவது உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையாக இருக்கும். சீட்டை எடுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்: 'இதயத்துக்காகக் கொடுத்ததா? தண்ணீருக்கு அளவு உண்டா?' இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால், 'வெயில் காலம், நிறையக் குடிங்க' என்று ஊரே சொல்வது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தினாலும் ஆபத்துதான். வெயிலில் வியர்த்து உடம்பு வற்றும்போது அதே மாத்திரை அதே அளவில் அதிகமாகவும் போய்விடலாம். இதைப் பிடிக்க எடை பார்க்கும் மெஷின் ஒன்று போதும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது. அதே போல இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் வற்றுகிறது. இரண்டுக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. அம்மாவையும் அழைத்து வா என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் வரிசை நிற்கவைத்துவிட்டு 'வெயிலில் வராதீர்கள்' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவு எதுவும் இல்லை என்றால் மணிக்கு ஒரு சின்ன டம்ளர். மோர், நீராகாரம், கூழ் எல்லாமே கணக்கில் சேரும். உப்பு மட்டும் குறைவாக. ஓஆர்எஸ் தினசரி பானம் இல்லை, பேதி வாந்திக்கானது. அப்படித் தேவைப்பட்டாலும் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்பதை வாங்காதீர்கள். அதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். அப்படிப்பட்ட பானங்களில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. அதுவரை எத்தனை வருஷம் விற்றார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கூலர் விஷயம். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். நம்முடையது கடலோரம், மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் காற்றில் ஏற்கெனவே ஈரம். ஜன்னல் இல்லாத அறையில் கூலரைப் போட்டால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தவணைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அந்தப் பணத்தில் ஷீட்டைக் கவனியுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் ஷீட்டின் மேல் ஏறாதீர்கள், ஷீட் உடைந்து கீழே விழுந்துவிடுவீர்கள். ஏணியும் நீளக் கம்புப் பிரஷும் வைத்துத் தெரிந்த ஆளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மதியம் சீலிங் ஃபேன் ஷீட்டுக்கு அடியில் தேங்கிய அனலைத்தான் கீழே தள்ளும். டேபிள் ஃபேனைத் தரை மட்டத்தில் வைத்து, அம்மாவின் கை, கழுத்து, காலில் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார வையுங்கள். ஈரம் இல்லாமல் வெறும் அனல் காற்று அடித்தால் புண்ணியம் இல்லை. பன்னிரண்டு முதல் நாலு வரை கீழ்வீட்டில் யாராவது இடம் கொடுத்தால் அதைவிட நல்லது வேறு இல்லை.

டிவியில் வெப்ப அலை எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால்தான் வானிலைத் துறையின் கணக்கில் வெப்ப அலை. அதை நுங்கம்பாக்கத்தில் நிழலில் அளக்கிறார்கள். உங்கள் ஷீட்டுக்கு அடியில் யாரும் அளப்பதில்லை.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்து மயக்கமாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வியர்த்திருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். அந்தப் படியில் நாற்காலியோடு தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்துவீட்டுப் பையன்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.